முப்பத்தாறு கண்ணி

பெரியாயிக்குக் கை நடுங்கியது. கார்த்திகை மழை நாலு நாளாக விடாமல் பெய்தது, மலையில் குளிர் இருக்கத்தான் செய்தது. ஆனால் இது குளிர் நடுக்கம் இல்லை. பொன்னையா கங்காணி அவளுக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் குனிந்து நின்று, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கோட்டுக் காலருக்கும் தலைப்பாகைக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்குக் கழுத்து தெரிந்தது. பெரியாயி கையில் புல் செதுக்குகிற சுரண்டி இருந்தது. கூரான இரும்பு.

ஒரே போடு போடலாம் என்று அவள் நினைக்கவில்லை. கை தானாக உயர்ந்தது.

கங்காணி நிமிர்ந்தான். "என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிற? புல்லு எம் மூஞ்சியிலயா மொளச்சிருக்கு?"

பக்கத்தில் நின்ற பொம்பளைகள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் திட்டு விழும்.

"ஒதுங்கப் போகணுங்க" என்றாள் பெரியாயி. சுரண்டியை மண்ணில் குத்தி வைத்துவிட்டு, பெரிய பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். மடியிலிருந்து இரண்டு கம்பியையும் சாம்பல் நிற நூலையும் எடுத்துப் பின்னத் தொடங்கினாள். ஒரு கண்ணி, இரண்டு கண்ணி, மூன்று கண்ணி. முப்பத்தாறு வரைக்கும் எண்ணினாள். திருப்பினாள். திரும்பவும் ஒன்றிலிருந்து. மூன்றாவது வரி முடிந்தபோது கை நடுக்கம் நின்றிருந்தது. அப்புறம்தான் எழுந்து சுரண்டியைத் தொடப் போனாள்.

அவள் புருஷன் இராமையா பதுளையில் மறியலில், ஜெயிலில், இருந்தான். அவனை உள்ளே தள்ளியவன் இந்தக் கங்காணிதான்.

நடந்தது இவ்வளவுதான். இராமையாவுக்கு மார்ச்சளி. நனைந்தால் பத்து நாள் இருமுவான். பெரியாயி கூம்புமலைத் தோட்டத்துப் பங்களாவில் பிள்ளை பார்க்கிற ஆயாவாக இருந்தபோது, துரைசானி தூக்கிப்போட்ட பழைய குடை ஒன்றைக் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்திருந்தாள். ஒருநாள் மழையில் அவன் குடை பிடித்துப் போகும்போது கங்காணி எதிரே வந்தான். கங்காணி வந்தால் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதையை விட்டு ஓரத்துத் தண்ணிக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். இராமையாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது. மடக்கவில்லை.

கங்காணி குடையைப் பிடுங்கினான். "தொர வந்தா மடக்குவல்ல? நான் வந்தா மடக்க மாட்டியோ?"

"இருமல்ங்க ஐயா. கண்ணு தெரியல."

"கண்ணு தெரியாத பயலுக்குக் கொட எதுக்குடா?"

கீழே போட்டு மிதித்தான். கம்பியெல்லாம் கோணிப்போகிற வரைக்கும் மிதித்தான்.

மூன்று நாள் கழித்து, லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த இராமையாவின் அண்ணனுக்குக் கருமாதி. இராமையா காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு லீவு கேட்டான். பங்களாவுக்குப் போகிற வழியில் பெரியாயியும் பக்கத்தில்தான் நின்றாள். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "போயிட்டு வா. தொரகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான். அவள் காதால் கேட்டாள்.

துரையிடம் அவன் சொன்னது வேறு. "இராமையா தோட்டத்தை விட்டு ஓடிட்டானுங்க."

அந்தக் காலத்தில் வேலையை விட்டு ஓடினால் அது குற்றம். திருடினவனைப் பிடிப்பது மாதிரிப் பொலீஸ்காரன் வந்து பிடிப்பான். கருமாதிச் சோறு வயிற்றில் இருக்கும்போதே இராமையாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினேழாம் நாள், வியாழக்கிழமை, பதுளைக் கோர்ட்டில் வழக்கு. சாட்சி கங்காணி ஒருவன். அவன் வாயால் "லீவு கொடுத்தேன்" என்று வந்தால் விடுதலை. வராவிட்டால் மூன்று மாசம் கல் உடைக்க வேண்டும். அந்த மாரோடு இராமையா மூன்று மாசம் கல் உடைத்தால் திரும்பி வரமாட்டான். இது பெரியாயிக்குத் தெரியும், கூலி ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லாருக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும்.

பெரியாயி துரையிடம் ஓடினாள். "பொண்டாட்டி புருஷனுக்காகப் பேசாம என்ன செய்யும்?" என்று துரை சிரித்தார். துரைசானியிடம் ஓடினாள். ஜெர்மன்காரனோடு சண்டை நடந்த காலம் அது. துரைசானியின் தம்பி சண்டைக்குப் போயிருந்தான். அந்த அம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை சிப்பாய்களுக்குக் காலுறை பின்னிக்கொண்டே இருப்பாள். பெரியாயி ஆயாவாக இருந்த இரண்டு வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவளுக்கும் நேர்ப் பின்னல் மட்டும் வந்திருந்தது. பின்னலில் விழுகிற ஒவ்வொரு வளையத்துக்கும் வெள்ளைக்காரப் பாஷையில் என்னவோ பேர். அது பெரியாயி வாயில் நுழையவில்லை. இராமையா முயலுக்கு வைக்கிற கண்ணி மாதிரி இருந்ததால் அவள் அதைக் கண்ணி என்றே சொன்னாள்.

துரைசானி தலை நிமிராமல் எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம் துரையின் கிழிந்த காலுறையைப் பிரித்துச் சுற்றிய நூலுருண்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். "பெரியாயி, நீ பின்னு. மனசு ஆறும்."

மறுநாளே சமையல்காரன் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். மறியல்காரன் பெண்டாட்டி பங்களாவுக்குள் வரவேண்டாம், மலைக்கு வேலைக்குப் போகட்டும்.

மனசு ஆறணுமாம். அந்த நூலுருண்டையை அடுப்பில் போடத்தான் லயத்துக்குக் கொண்டு வந்தாள். எதற்கு ஆற வேண்டும்? ஆறிப்போனால் அப்புறம் யார் கேட்கிறது? அடுப்புப் பக்கத்தில் மிதிபட்ட குடை கிடந்தது. அதன் கம்பி இரண்டைப் பிடுங்கினாள். அம்மிக்கல்லில் வைத்து நிமிர்த்தினாள், முனையைத் தேய்த்தாள். ஏன் செய்கிறோம் என்று தெரியாமல்தான் செய்தாள். முதல் நாள் நூலைக் கோபத்தில் இறுக்கி இறுக்கிப் பின்னியதில் கம்பி நகரவே இல்லை. அவிழ்த்தாள். திரும்பப் போட்டாள். கண்ணி நழுவினால் ஏணி மாதிரிக் கீழ்வரைக்கும் பிரிந்துகொண்டு போகும். அதனால் எண்ணுகிற நேரம் வேறெதையும் நினைக்க முடியாது. கோபம் எங்கேயும் போகவில்லை. முப்பத்தாறு முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த முப்பத்தாறு இல்லாவிட்டால் பொன்னையா கங்காணி என்றைக்கோ கழுத்தறுந்து கிடந்திருப்பான். அவளும் தூக்கில் தொங்கியிருப்பாள்.

இராமையாவின் மாருக்குச் சுற்றிக்கொள்ள நீளமாக ஒரு பட்டி. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை இத்ரூஸ் நானா வந்தார். பதுளையிலிருந்து துணிமூட்டையைத் தலையில் சுமந்து லயம் லயமாக விற்கிறவர். மூட்டையை இறக்கியதும் முதலில் பெரியாயியைத்தான் தேடினார்.

"ராமையாவ மறியல் வாசல்ல கண்டன் புள்ள. தண்ணி அள்ளிக்கிட்டு நிண்டான்."

"எப்புடி இருக்காரு நானா?"

நானா துணியை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "இருமல் கடுமையா ஈக்கி. துப்புனதுல செவப்பு கண்ட மாதிரி. எனக்குச் சரியாத் தெரியல்ல."

பெரியாயி அங்கேயே லயத்து வாசலில் உட்கார்ந்து கம்பியை எடுத்தாள். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பாக்கியலெட்சுமி மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுதுரு பெரியாயி. அடக்கி வைக்காத."

"அழுதா அவனுக்கு எளப்பம்." வாய் முணுமுணுத்தது. "முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. இன்னைக்குப் போட்ட கண்ணியில ஒண்ணுகூட நழுவல பாத்துக்க. அந்தக் கங்காணிய நெனச்சு நெனச்சுத்தான் இறுக்குறேன்."

அந்த நேரம் பீலித் தண்ணிக்குப் போன கங்காணியின் சம்சாரம் ராமலெட்சுமி குடத்தோடு லயத்து ஓரமாகப் போனாள். பெரியாயி அவளைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை கங்காணி பெரட்டுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தான், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்தில் மூக்குப்பிடிக்கத் தின்றவனுக்கு வயிறு கட்டிக்கொண்டது. தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த பேதி உப்பு அசைக்கவில்லை. விளக்கெண்ணெய் அசைக்கவில்லை. சாயங்காலம் ராமலெட்சுமி நேராகப் பெரியாயி காம்பராவுக்கு வந்து வாசலில் நின்றாள். பின்னால் கங்காணியும் நின்றான். அவன் லயத்துக்குள் கால் வைத்ததை யாரும் அதுவரை பார்த்ததில்லை. எல்லாக் கதவிலும் தலை நீண்டது.

"எடு அத" என்றாள் ராமலெட்சுமி.

"எத?"

"எங்க வீட்டுக்காரு பேரச் சொல்லிக் கண்ணி போட்டு இறுக்குனியே, அத. எங்காதால கேட்டேன். நழுவாமப் போட்டேன்னு வேற பெருமை பேசுன. அவரு மிதிச்ச கொடையில கம்பி எடுத்து, எவன் கால்ல கெடந்த நூலையோ எடுத்து, வாயில மந்திரம் சொல்லிச் சொல்லி முடிச்சுப் போட்டு... அவரு வயிறு அஞ்சு நாளாக் கட்டிக் கெடக்குடி பாவி!"

பெரியாயி வாய் பிளந்து பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. பாக்கியலெட்சுமி பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

"இது பின்னல். தொரைசானி பின்னுதுல்ல, அதான். கண்ணின்னா இந்தா, இந்த வளையம். வாயில சொல்றது மந்திரம் இல்ல, எண்ணிக்கை. ஒண்ணு, ரெண்டு, மூணு."

"தொரைசானி வயித்தக் கட்டுற வேலையா பாக்குது? யாருகிட்டக் கத சொல்ற?"

"நெசமாத்தான் சொல்றேன்!"

கங்காணி முன்னால் வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. "பெரியாயி." அவளை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அவுத்துரு தாயி."

அந்தத் தாயி என்ற சொல்தான் அவளைக் கொளுத்திவிட்டது. சுற்றிலும் பார்த்தாள். கதவுக்குக் கதவு நின்ற முகம் எல்லாம் நம்பிக்கொண்டுதான் நின்றன. பாக்கியலெட்சுமியின் கைகூட அவள் தோளிலிருந்து மெல்ல நழுவியது. பெரியாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் லீவு கேட்டுவிட்டுத்தான் போனான். அது சத்தியம். அதை ஒருவனாவது நம்பினானா? துரை நம்பினாரா? பொலீஸ்காரன் நம்பினானா? இப்போது இந்தப் பைத்தியக்காரப் பொய்யை மட்டும் மலை முழுக்க நம்புகிறது. சரி. உண்மையை வாங்க ஆள் இல்லை என்றால் இதை வாங்கிக்கொள்ளட்டும்.

"அவுக்குறேன்" என்றாள். "இங்க இல்ல. வியாழக்கிழம கோர்ட்டுல."

"கோர்ட்டுலயா?"

"நீங்க கூண்டுல ஏறி நெசத்தச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரியா அவுப்பேன். பொய் சொன்னீங்க, அங்கனயே ஒக்காந்து புதுசாப் போடுவேன். வயித்தோட நிக்காது, பாத்துக்கங்க."

சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வியாழக்கிழமை விடியும்போதே பெரியாயியும் பாக்கியலெட்சுமியும் பதுளைக்கு நடந்தார்கள். கங்காணி மாட்டுவண்டியில் முன்னால் போனான். வண்டி மேட்டில் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் அவன் முனகுவது பின்னால் கேட்டது. இவர்கள் பக்கம் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

கோர்ட்டில் பொம்பளைகளைப் பின்னால் தரையில் உட்காரச் சொன்னார்கள். இராமையாவைக் கொண்டுவந்து நிறுத்தியபோது பெரியாயி முதலில் அடையாளம் தெரியாமல் வேறு யாரையோ தேடினாள். கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. அவன் இவளைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்து இருமிக்கொண்டிருந்தான்.

கங்காணி கூண்டில் ஏறினான். நீதவான் இங்கிலீஷில் கேட்டார். மொழிபெயர்க்கிறவர் தமிழில் கேட்டார்.

"இந்த ஆள் உன்னிடம் லீவு கேட்டானா?"

முன் வரிசை நாற்காலியில் துரை உட்கார்ந்திருந்தார். கங்காணி துரையைப் பார்த்தான். "ஞாபகம் இல்லைங்க."

பெரியாயி மடியில் பட்டியை விரித்தாள். இரண்டாவது கம்பியை எடுத்து ஒரு கண்ணி போட்டாள். உதடு அசைந்தது. கங்காணியின் கண் அங்கேதான் இருந்தது. அவன் நெற்றியில் வியர்வை பூத்தது.

"கேட்டான்! கேட்டானுங்க!"

பெரியாயி கம்பியை உருவி நூலை இழுத்தாள். ஒரு வரி சரசரவென்று பிரிந்தது. வாசலில் நின்ற பியூன் குனிந்து, "நூல் நூக்குற எடமா இது? உள்ள வையி" என்றான். முந்தானைக்கு அடியில் தள்ளினாள். கையை நிறுத்தவில்லை.

"நீ லீவு கொடுத்தாயா?"

"அது வந்துங்க, அன்னைக்கு நல்ல மழ. காது சரியாக் கேக்காத மாதிரி..."

பிரிந்து நின்ற கண்ணிகளைப் பெரியாயி திரும்பக் கம்பியில் கோத்தாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. முந்தானை அசைவதை மட்டும்தான் அவனால் பார்க்க முடிந்தது. அதுவே போதுமாக இருந்தது. கங்காணி கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டக் கத்தினான்.

"குடுத்தேங்க! போயிட்டு வான்னு எவ்வாயாலதாங்க சொன்னேன்!"

துரையின் முகம் செக்கச் செவேல் என்று ஆனது. பெரியாயி இழுத்தாள். பத்து வரி, இருபது வரி. பதினேழு நாள் அவள் கை நடுக்கத்தை வாங்கி வைத்திருந்த பட்டி, மடியில் நெளிநெளியாக நூலாகிக்கொண்டு போனது.

"பிறகு ஏன் ஓடிவிட்டான் என்று சொன்னாய்?"

"மறந்துட்டேங்க."

பெரியாயி கை நின்றது. மறந்துவிட்டானாம். கம்பியை எடுக்கப் போனாள். ஆனால் நீதவான் அதற்குள் எழுதி முடித்துவிட்டார். தள்ளுபடி. அடுத்த வழக்கு. மறந்துபோனவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துரைகூடத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பதினேழு நாளுக்கும், காறித் துப்பின அந்தச் சிவப்புக்கும் அவ்வளவுதான் பதில்.

வெளியே மரத்தடியில் அவள் இராமையாவிடம் ஓடுவதற்குள், அவன் கங்காணியிடம் போய்விட்டான். ஈரத் தரையில் விழுந்து காலைத் தொட்டான்.

"ஐயா, ஒங்க புண்ணியம். என்னைக் காப்பாத்திட்டீங்க. இந்த நன்றிய மறக்க மாட்டேங்க."

பெரியாயிக்குக் கண் இருட்டியது. "எந்திரிய்யா!" என்று கத்தினாள்.

"நீயும் வந்து விழு புள்ள. அவரு மட்டும் வாயத் தெறக்கலைன்னா..."

கங்காணி இராமையாவைப் பார்க்கவே இல்லை. அவன் பார்வை பெரியாயி மடியிலேயே இருந்தது. "மிச்சம் இருக்கே தாயி. நாலு வரி இருக்கே."

அவள் அவன் முகத்துக்கு நேரே பட்டியைத் தூக்கிப் பிடித்து, மிச்சத்தை இழுத்தாள். கடைசிக் கண்ணி பிரிந்தபோது கங்காணி கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான். வண்டியில் ஏறினான். மற்ற மூன்று பேரும் பின்னால் நடந்தார்கள்.

இரண்டு மைல்கூடப் போயிருக்காது. பசறை ரோட்டு வளைவில் வண்டி சட்டென்று நின்றது. கங்காணி குதித்தான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மானாப் புல்லுக்குள் ஓடினான். வண்டிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பாக்கியலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அவுத்துட்டா, அவுந்துருச்சு! எங்கண்ணால பாத்தேன் சாமி!"

இராமையா நின்றான். "என்னத்த அவுத்தா?"

பாக்கியலெட்சுமி ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க இராமையா ஓரடி ஓரடியாகப் பெரியாயியை விட்டுத் தள்ளிப்போனான். கடைசியில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"செய்வினை வச்சியா நீ?"

"வைக்கல."

"அப்பறம் எப்புடி அவரு..."

"கல்யாணச் சோத்த ஒரு கட்டு கட்டுனான், கட்டிக்கிச்சு. எறங்குற நேரம் வந்துச்சு, எறங்குது. எனக்கென்னய்யா தெரியும்?"

"எங்கிட்டப் பொய் சொல்லாத பெரியாயி. வச்சிருந்தா வச்சேன்னு சொல்லிரு."

அவளுக்கு ஒரு கல்லை எடுத்து அவன் மேல் எறியலாம் போல இருந்தது. "நீ லீவு கேட்டுட்டுத்தான போன? கத்திக் கத்திச் சொன்னல்ல? ஒரு பய நம்புனானா? அப்ப எப்புடி எரிஞ்சுச்சு ஒனக்கு? அதே வேலையத்தான் நீ இப்ப எனக்குச் செய்யிற. அவனுங்க நம்பலைன்னா நாசமாப் போகட்டும். நீயுமா?"

இராமையா பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, முதுகு ஒடிகிற மாதிரி இருமினான். அவள் கடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் விலகவில்லை. விலகத் தெம்பில்லை. முதுகைத் தடவிவிட்டாள். கோபம் தீரவில்லை. தடவுகிற கை அழுத்தமாகத்தான் தடவியது.

இருமல் அடங்கியதும் எதிரே உட்கார்ந்தாள். மடியில் கிடந்த சிக்கலை எடுத்தாள்.

"கைய நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுய்யா. ரெண்டு கையும்."

தயங்கித் தயங்கி நீட்டினான். அவள் நூலை அவன் இரண்டு மணிக்கட்டிலும் மாற்றி மாற்றிச் சுற்றத் தொடங்கினாள். அவன் கை நடுங்கியது.

"கட்டிப்போடுறியா புள்ள?"

"ஆமா. கட்டித்தான் போடுறேன். ஆடாத, சிக்கு விழுகுது."

பாக்கியலெட்சுமி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். மானாப் புல்லுக்குள்ளிருந்து கங்காணி இன்னும் வரவில்லை. நூல் முழுக்க இராமையா கையில் ஏறியதும், அவள் ஒரு முனையை எடுத்துக் கம்பியில் முதல் வளையத்தைப் போட்டாள்.

"இது யாருக்கு?" குரல் எழும்பாமல் கேட்டான் இராமையா.

"ஒனக்குத்தான். மாருல சுத்திக்க."

"எனக்கா?" கையை இழுக்கப் பார்த்தான். நூல் விடவில்லை. "எனக்கு வேணாம் பெரியாயி. சத்தியமா வேணாம்."

"போட்டுத்தான் ஆகணும்" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "போடலைன்னா, அப்பறம் நெசமாவே வைப்பேன்."